என் கினிப் பன்றி புதிய காய்கறி எதையும் தொட மறுக்கிறது. எப்படிப் பழக்குவது?

பெல்லட்டும் (கடையில் விற்கும் உலர் தீவனக் குச்சி) கேரட்டும் தவிர வேறு எதை வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டில் மிளகு என்றொருவன் இருக்கிறான். கறுப்பன், 4 வயது. வந்த புதிதில் அவனும் இதே ரகம்தான். பெயர் மிளகு, குடைமிளகாயைக் கண்டால் ஓட்டம். அவனை வழிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 6 வாரம் பிடித்தது. அதில் பாதி நான் செய்த தவறுகளுக்கே போயிற்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எப்போதுமே இப்படித்தானா, அல்லது நன்றாகத் தின்றுகொண்டிருந்தது திடீரென்று வேண்டாம் என்கிறதா? இரண்டும் வேறு வேறு. கினிப் பன்றிக்கு 20 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். சரியாகத் தேயவில்லை என்றால் கீழ்க்கடைவாய்ப் பற்கள் நாக்கின் மேல் வளைந்துவிடும். அப்படிப்பட்ட பிராணி ஆசையாக ஓடி வரும், வாயில் கவ்வும், உடனே கீழே போட்டுவிடும். மோவாய் எச்சிலில் நனைந்திருக்கும். முன்பற்களைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும். இது வலி, அடம் இல்லை. இந்தப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

எப்போதுமே இப்படித்தான் என்றால் கவலை குறைவு. கினிப் பன்றிக் குட்டி கண் திறந்து, ரோமத்தோடும் பல்லோடும் பிறக்கிறது. ஓரிரு நாளிலேயே தாயின் பக்கத்தில் நின்று புல்லைக் கொறிக்கும். எது உணவு, எது இல்லை என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் அந்த இளம்பருவத்திலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. அப்போது பெல்லட்டை மட்டுமே கண்ட குட்டிக்கு, பிற்பாடு நீங்கள் வைக்கும் கீரை ஒரு பச்சைத் துணி மாதிரிதான். போதாக்குறைக்கு இந்தப் பிராணியால் வாந்தி எடுக்கவும் முடியாது. விழுங்கியதைத் திருப்பி அனுப்ப வழியில்லாத உடம்பு. அது சந்தேகப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன்.

இனி நான் செய்த பெரிய தவறு. 'பசி ருசி அறியாது' என்பதை நம்பி, ஒரு நாள் மாலை பெல்லட்டை எடுத்துவிட்டுக் குடைமிளகாயை மட்டும் வைத்தேன். அவன் அப்போது புல்லும் சரியாகத் தின்னமாட்டான். விடிந்து பார்த்தால் துண்டுகள் வைத்தபடியே வாடிக் கிடந்தன. கூண்டில் புழுக்கை நாலைந்துதான். மிளகு மூலையில் முதுகைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கினிப் பன்றியின் குடலில் நார்ச்சத்து ஓயாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வரத்து நின்றால் குடலின் அசைவும் மந்தமாகிறது, வாயு சேர்கிறது, அதனால் பசி இன்னும் செத்துப்போகிறது. 12 மணி நேரம் எதுவுமே தின்னவில்லை என்றாலே அவசரமாக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலைதான். அன்று அவர் என்னைத் திட்டவில்லை, பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது. ஆகவே, பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அப்படியானால் பெல்லட்டோடு விட்டுவிடலாமே என்று தோன்றும். விட முடியாது. மனிதர்களைப் போலவே கினிப் பன்றியின் உடலும் வைட்டமின் சியைத் தானாகத் தயாரிப்பதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வெளியிலிருந்து போக வேண்டும். பெல்லட்டில் சேர்த்திருப்பார்கள், ஆனால் பை பழசாகப் பழசாக அந்தச் சத்து சிதைந்துகொண்டே வரும். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பதையும் நான் விட்டுவைக்கவில்லை. வெளிச்சம் பட்டால் அதுவும் வீணாகிறது. மிளகு விஷயத்தில் சுவை மாறியதும் தண்ணீரையே வெறுத்துவிட்டான். கேரட்டில் சி குறைவு, சர்க்கரை அதிகம். சிவப்புக் குடைமிளகாய்தான் இதற்குக் கைகொடுக்கும்.

அவனை மாற்றியது என் சாமர்த்தியம் இல்லை. வெளியூர் போன நண்பர் ஒருவர் தம்முடைய கினிப் பன்றியை இரண்டு வாரம் என்னிடம் விட்டுப் போனார். அங்கே அவனுக்கு வேறு பெயர். இங்கே மிளகுக்குத் துணை என்பதால் சுக்கு. இரண்டும் ஆண், சண்டை வந்துவிடும் என்று கூண்டுகளுக்கு நடுவே கம்பி வலை போட்டேன். சுக்கு எதையும் ஒதுக்காதவன். விரல் நீளத்துக்கு நறுக்கிய குடைமிளகாயை ஒரு முனையில் கவ்வி, தலையை ஆட்டாமல், இயந்திரம் போல உள்ளே இழுத்துக்கொண்டிருப்பான். மிளகு வலைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பான், மூக்கு மட்டும் துடிக்கும். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சுக்கு தின்றுகொண்டிருந்த துண்டின் மறுமுனை வலைக்கண் வழியாக இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு வந்தது. மிளகு ஒரு கணம் உறைந்து நின்றான். பிறகு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிப்போய் முழுவதையும் தின்றுவிட்டான். அவன் பக்கத்துத் தட்டில் அதே காய் மூன்று வாரமாக வந்துபோய்க்கொண்டிருந்தது. அடுத்தவன் வாயில் இருந்தபோதுதான் அது உணவாயிற்று.

உங்களிடம் இன்னொன்று இருந்தால் பக்கத்தில் வைத்து ஊட்டிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால், ஒரே பொருளைத் தினமும், அதே நேரத்தில், கட்டை விரல் நகத்தின் அளவுக்கு வைத்துக்கொண்டே வாருங்கள். இன்று வெள்ளரி, நாளை ப்ரோக்கோலி என்று மாற்றினால் எந்த மணமும் பழகாது. துண்டை மூக்குக்கு நேரே நீட்டாதீர்கள். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் முகத்துக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது, மிரளும். அது தின்னும் புல்லுக்குள் செருகி வையுங்கள். பெல்லட்டோடு ஒரே கிண்ணத்தில் கிடந்து மணம் ஏறினாலும் நல்லது. வைத்துவிட்டு அங்கிருந்து போய்விடுங்கள். நான் முழங்காலிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் மிளகு ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. காட்டில் எல்லாருக்கும் இரையான இனத்துக்கு, தான் உண்ணும்போது ஒருவர் உற்றுப் பார்ப்பது நல்ல சகுனமாகப் படுமா?

காயைவிட இலையில் தொடங்குவது எளிது, புல்லுக்கு நெருக்கம் என்பதால். கொத்தமல்லி பெரும்பாலும் தோற்பதில்லை. பசலைக்கீரையும் பார்ஸ்லியும் எப்போதாவது மட்டும். அவற்றில் உள்ள ஆக்சலேட்டும் கால்சியமும் சிறுநீர்ப்பையில் கல் சேரக் காரணமாகலாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகேடோ பக்கமே போகாதீர்கள். புழுக்கை இளகினால் புதியதை நிறுத்திவிட்டு உலர்புல்லுக்குத் திரும்புங்கள். உலர்புல் என்று நான் சொல்வது திமோத்தி போன்ற புல்லை, வைக்கோலை அல்ல. வைக்கோலில் சத்து இல்லை, படுக்கத்தான் ஆகும். குதிரைமசால் என்னும் தீவனப் பயிர் (அல்ஃபால்ஃபா) 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்குச் சரி. வளர்ந்தவற்றுக்குக் கால்சியம் மிஞ்சிப்போகும். நாள் முழுக்க வாய் ஓயாமல் மெல்ல வேண்டியது புல்தான். காய்கறியெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தப் பழக்கத்தின்போது வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். ரோமம் அடர்ந்த உடம்பு, இளைப்பது கண்ணுக்குத் தெரியாது. எடை இறங்காதவரை பொறுமையாக இருக்கலாம்.

மிளகு இப்போது குடைமிளகாய்ப் பை சலசலத்தாலே வீடு அதிரக் கத்துகிறான். வெள்ளரிக்காயை மட்டும் இன்றுவரை தொடவில்லை. ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன்.