ட்ரிஃப்ட் பழக முதலில் எந்த ரிமோட் கார் வாங்கலாம்?

காரைக்குடி வீட்டுக்குள்ளேயே ட்ரிஃப்ட் ஓட்டிப் பழக எந்த ரிமோட் காரை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள் என்பேன். கடினமான பிளாஸ்டிக் சக்கரங்கள் பிடிப்பை இழந்து சறுக்குவதுதான் ட்ரிஃப்ட் என்பதால், ஆத்தங்குடிக் கல் பதித்த வழுவழுப்பான வளவு, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், இதற்கு அருமையான தளம். சொரசொரப்பான தார்ச்சாலையில் அச்சக்கரங்கள் விரைவில் தேய்ந்துவிடும்.

பின்சக்கர இயக்கக் கார்தான் அழகாகச் சறுக்கும். ஆனால் பின்பக்கம் விலகும்போது முன்சக்கரங்களை உடனுக்குடன் எதிர்த்திசையில் திருப்பிக் கொடுக்கும் ஜைரோ என்ற சிறு மின்னணுக் கருவி இல்லாவிட்டால், வேகம் கொடுத்ததும் அது பம்பரமாகச் சுற்றி நின்றுவிடும். ஆகவே முதல் காருக்கு நான்கு சக்கர இயக்கமே நல்லது. ஜப்பானிய மாடல் கார் நிறுவனமான டமியாவின் டிடி-02டி (TT-02D) அவ்வகை; 1:10 அளவு, அதாவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம், நாமே பூட்டிச் சேர்க்க வேண்டும், ரிமோட்டும் பேட்டரியும் தனியே வாங்க வேண்டும். தூண்கள் நெருக்கமாக நிற்கும் வளவென்றால் 1:28 அளவே போதும்.

மோட்டாரின் வேகத்தைவிட, உதிரிப் பாகங்கள் கிடைக்குமா என்பதையே முதலில் விசாரியுங்கள். தூணில் மோதினால் முன்பக்க சஸ்பென்ஷன்தான் பெரும்பாலும் உடையும். ஓட்டுமுன் தரையைத் துடைத்துவிடுங்கள். மணல் பல்சக்கரத்தையும் கெடுக்கும், கல்லின் பூவேலையிலும் கீறல் போடும். பிறகு வீட்டு ஆச்சிக்குப் பதில் சொல்ல முடியாது.