சூடாக்கினால் செம்பு இளகுகிறது. வெளுத்த பிளாஸ்டிக் நாற்காலி தேறுமா?

கேள்வி: ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். செம்புக் குழாயின் நுனியை இரண்டு மூன்று முறை புனல்போல விரித்து ஃபிளேர் போட்டால் அது விறைத்து விளிம்பில் வெடித்துவிடுகிறது. கேஸ் டார்ச்சின் தீயில் சூடாக்கினால் மீண்டும் இளகுகிறது. வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் வெயிலில் வெளுத்து விறைத்துப்போனது. உதவியாளர் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டியதும் வெண்மை மறைந்து பழைய நிறம் வந்துவிட்டது. நாற்காலியும் செம்பைப் போலத் தேறிவிட்டது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடாதீர்கள். செம்பில் நேர்ந்ததும் நாற்காலியில் நேர்ந்ததும் வெவ்வேறு வகைக் குறைகள்.

செம்பின் உள்ளே அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்திருக்கின்றன; இந்த அமைப்பைத்தான் படிகம் என்கிறோம். அந்த ஒழுங்கு குறையே இல்லாததாக இருந்தால், ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் முழுதாக நகர்ந்தால்தான் குழாய் வளையும். அதற்குத் தேவையான விசையைக் கணக்கிட்டால், மென்மையான தூய படிகம் உண்மையில் வளைந்துகொடுக்கும் விசையைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வருகிறது. இந்த முரண்பாட்டுக்கு 1934இல் ஜெஃப்ரி டெய்லர், எகான் ஓரோவான், மைக்கேல் பொலானி ஆகிய மூன்று அறிவியலாளர்களும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டார்கள்: அடுக்குகளுக்கு நடுவே பாதியில் நின்றுபோன அணு வரிசைகள் உள்ளன, இடப்பிறழ்வு எனப்படும் அந்தக் கோட்டுக் குறை சிறிது சிறிதாக நகர்வதாலேயே உலோகம் சிறிய விசைக்கும் வளைகிறது. ஆகவே செம்பு இளக்கமாக இருப்பதற்கே குறைதான் காரணம்.

விறைப்புக்கும் அதுவே காரணம் என்பதுதான் வேடிக்கை. இளகிய செம்பின் ஒரு சதுர சென்டிமீட்டர் வெட்டுப்பரப்பில் ஏறத்தாழ 10 லட்சம் முதல் 10 கோடி வரை இடப்பிறழ்வுகள் இருக்கும். கடுமையாக வளைத்தும் விரித்தும் வேலை செய்த செம்பில் அது 10,000 கோடியையும் தாண்டிவிடும். அத்தனையும் ஒன்றையொன்று மறித்துச் சிக்கிக்கொள்வதால் எதுவும் நகர முடியாமல் போகிறது. அதற்கு மேலும் விரித்தால் உலோகம் வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சூடாக்கும்போது அணுக்கள் இடம் மாறத் தொடங்கி, குறைகள் நிறைந்த பழைய சிறு படிகங்களை விழுங்கிக்கொண்டு குறை குறைந்த புதிய படிகங்கள் வளர்கின்றன. அணுக்கள் எல்லாம் அப்படியே இருக்க, அவற்றின் அடுக்கு மட்டும் கலைந்திருந்ததால்தான் இந்த மீட்சி இயலுகிறது.

செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில்; இப்படிச் சூடாக்கி இளக்கும் அனீலிங்கிற்கு மங்கலான சிவப்பு நிறம் தெரிந்தாலே போதும். அதற்கு மேல் நெடுநேரம் காய்ச்சினால் படிகங்கள் பெருத்து, விரிக்கும்போது மேற்பரப்பு சொரசொரப்பாகும். உள்ளே கருப்புச் செதில் படியாதிருக்க நைட்ரஜனை மெதுவாக ஓட விடுங்கள். விறைப்பான நேர்க்குழாயைச் சூடாக்கினால் அந்த இடத்தின் வலிமை இளகிய குழாயின் அளவுக்கு இறங்கிவிடும் என்பதையும் அழுத்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இவை எல்லாம் வெடிப்பதற்கு முன்புதான். விரிசல் விழுந்த நுனியை எத்தனை முறை காய்ச்சினாலும் விரிசல் மூடாது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஃபிளேர் போடுங்கள்.

நாற்காலிக்கு வருவோம். இத்தகைய நாற்காலிகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனால் ஆனவை. அதில் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சில இடங்களில் ஒழுங்காக மடிந்து படிகமாகவும், மற்ற இடங்களில் ஒழுங்கின்றிப் பின்னியும் கிடக்கின்றன; ஒரே சங்கிலி இரண்டு மூன்று படிகப் பகுதிகளை ஊடுருவி அவற்றைப் பிணைத்து வைப்பதால்தான் பொருள் உடையாமல் வளைகிறது. வெயிலின் புறஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து தாக்கும்போது, முதலில் அறுபடுவது இந்தப் பிணைப்புச் சங்கிலிகளே. அறுந்த துண்டுகள் குட்டையாகவும் தளையின்றியும் இருப்பதால் மேலும் நெருங்கி அடுக்கிக்கொள்ள, மேற்பரப்பு சுருங்கி நுண்விரிசல்களாகப் பிளக்கிறது. ஆக, இங்கே படிக ஒழுங்கு கூடக் கூடப் பொருள் நொறுங்கத் தலைப்படுகிறது.

வெண்மை என்பது அந்த விரிசல்களும் பொடியும் ஒளியைச் சிதறடிப்பதன் தோற்றம். ஹீட் கன் மேற்பரப்பின் மெல்லிய ஏட்டை உருக்கிப் பிளவுகளை நிரப்புவதால் நிறம் திரும்புகிறது. அறுந்த சங்கிலிகளை அது ஒட்டவைப்பதில்லை. வெப்பத்தால் ஆக்சிஜனேற்றம் விரைவதால் சேதம் இன்னும் கூடவும் செய்யலாம். மீந்த விரிசல் ஒன்று கீழேயுள்ள நல்ல பகுதிக்குள் ஓடும்போது கால் ஒரே நொடியில் முறியும்.

எல்லா வெண்மையும் இப்படிப்பட்டதன்று. புதிய பிளாஸ்டிக்கை மடிக்கும்போது மடிப்பில் மட்டும் தோன்றும் வெள்ளைக் கோடு, இழுவிசையால் உள்ளே திறந்த நுண்ணிடைவெளிகளால் வருவது. அது சூட்டில் பெருமளவு மறைந்தால் உண்மையாகவே ஓரளவு சீரானதாகக் கொள்ளலாம். வேறுபாட்டை அறிய நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: வெயில் பட்ட பக்கம் முழுவதும் வெளுத்து, சுண்ணாம்புபோலப் பொடி உதிர்ந்தால் சங்கிலிகள் அறுந்துவிட்டன. அதன்மேல் பசை தடவுவதும் வீண், ஏனெனில் பாலிப்ரொப்பிலீனில் சாதாரணப் பசைகள் பிடிப்பதே இல்லை.

அடுத்த முறை வெளியில் போட நாற்காலி வாங்கும்போது புறஊதாக் கதிரைத் தாங்க உதவும் யூவி ஸ்டெபிலைசர் சேர்த்ததா என்று கேளுங்கள். வெயிலில் கிடக்கும் பாலிஎத்திலீன் தண்ணீர்க் குழாய்களில் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கரித்தூள் கலப்பதும் இதே பாதுகாப்புக்காகத்தான்.