பென்ஷனுக்கு எதற்கு ஒரு ஆவணக்காப்பகம்?

வணக்கம்.

லண்டன் ஆவணக்காப்பகங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி வந்தது. ஓய்வூதியத்தின் வரலாற்றைப் பாதுகாக்கவென்றே அங்கே ஒரு அறக்கட்டளை இருக்கிறதாமே. வாசித்ததும் சிரித்துவிட்டேன். நான் முப்பத்துமூன்று வருடம் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். எத்தனையோ பேருக்குப் பென்ஷன் பிரபோசல் எழுதி அனுப்பியிருக்கிறேன். எஸ்.ஆர். (பணிப் பதிவேடு) தொலைந்துபோன ஒரு வாட்ச்மேனுக்காக இரண்டு வருடம் நானே நாயாய் அலைந்திருக்கிறேன், அது வேறு கதை. பழைய ஃபைல் என்றால் எனக்குத் தெரிந்தது கரையான், தூசி, தும்மல். அதைப் போற்றிப் பாதுகாக்க ஒரு அறக்கட்டளையா? யார் இவர்கள்? ரிட்டயர்டு அதிகாரிகள் சேர்ந்து தங்கள் பெருமையைத் தாங்களே பெட்டியில் போட்டுப் பூட்டுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அறம் செய்ய ஆசை என்றால் பென்ஷன் இல்லாத கிழவிகள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்களே, அவர்களுக்குச் செய்யலாமே? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

(பெயர் வேண்டாம்), விருதுநகர்

அன்புள்ள ஐயா,

தவறாகவெல்லாம் கேட்கவில்லை. நீங்கள் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆமாம், ரிட்டயர்டு ஆட்கள்தான். ஓய்வூதிய ஆவண அறக்கட்டளை என்று தமிழில் சொல்லலாம், 2000களின் நடுவில் பிரிட்டனில் தொடங்கியது. அதன் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் துறையிலேயே ஆயுளைக் கழித்தவர்கள். பென்ஷன் சட்டம் மட்டுமே பார்த்த வக்கீல்கள், நிதியை நிர்வகித்தவர்கள், அப்புறம் ஆக்சுவரிகள். ஆக்சுவரி என்றால், இத்தனை பேர் இத்தனை வயதுவரை இருப்பார்கள், அதற்கு இன்றைக்கே இவ்வளவு பணம் ஒதுக்கவேண்டும் என்று கணக்குப் போடுகிறவர். எமனுடைய அலுவலகத்தில் கணக்குப் பிரிவு இருந்தால் அதன் சூப்பரின்டெண்ட் இவர்தான். இப்படிப்பட்டவர்கள் கூடிப் பேசினால் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போய்விடுவார். சந்தேகமே இல்லை.

அவர்களுக்கென்று தனியாக ஒரு மாளிகையும் கிடையாது. பெட்டிகள் இருப்பது லண்டனில் கிளார்க்கன்வெல் பகுதியில், லண்டன் பெருநகர ஆவணக்காப்பகத்தில். 2024ல் பெயரைச் சுருக்கி வெறும் லண்டன் ஆவணக்காப்பகம் என்று ஆக்கிவிட்டார்கள். அங்கே அலமாரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிவைத்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும். அதில் இவர்களுடைய பங்கு சொற்பம். அறக்கட்டளை செய்கிற வேலை, துறைக்குள் ஆள்பிடித்து, சங்கங்களையும் கம்பெனிகளையும் கெஞ்சி, பழைய காகிதங்களைக் குப்பைக்குப் போகாமல் வாங்கி வருவது. அதற்கும் பட்டியல் போடுவதற்கும் ஆகிற செலவை அதே துறையிடமிருந்து கறப்பது.

இதை ஏன் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் செய்யக்கூடாது, ஏன் இந்த ஆட்களே செய்யவேண்டும்? இதற்குப் பதில் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு கோப்பை முடிக்கும்போது அது ஓராண்டு முடிவா, மூன்றாண்டு முடிவா, பத்தாண்டா, நிரந்தரமா என்று சட்டென்று முடிவுசெய்ய யாரால் முடியும்? அந்த செக்ஷனில் உட்கார்ந்தவரால்தான். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்குகிறது, அலுவலகம் காலி செய்கிறார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் குப்பைத் தொட்டி வந்து நிற்கிறது. தொட்டிக்குப் போகிற அட்டைப்பெட்டிகளில் ஒன்றில் 1950களின் அறங்காவலர் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு இருக்கிறது, இன்னொன்றில் டெலிபோன் பில். இரண்டும் வெளியே இருந்து பார்க்க ஒரே பழுப்பு. நல்ல மனசு உள்ளவர் வந்து நின்றால் போதாது, பார்த்தவுடன் ‘அதை எடு’ என்று சொல்லத் தெரிந்தவர் வரவேண்டும்.

அந்தப் பெட்டிகளில் எனக்குப் பிடித்தது ஜார்ஜ் ராஸ் கூபி என்பவருடைய தாள்கள். நீங்கள் அந்தக் காலத்தில் வில்ஸ் ஃபில்டர் புகைத்திருப்பீர்களோ என்னவோ, அந்த வில்ஸ் குடும்பக் கம்பெனியும் வேறு சிலவும் சேர்ந்து 1901ல் உருவானது இம்பீரியல் டொபாக்கோ. பிரிஸ்டல் நகரத்தில் இருந்த அதன் பென்ஷன் நிதியைக் கவனிக்க 1947ல் ராஸ் கூபி வந்தார். அவரும் ஆக்சுவரிதான். அப்போது பென்ஷன் பணம் என்றால் அரசாங்கக் கடன்பத்திரத்தில் போடுவதுதான் மரியாதை. பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனால் விதவையின் தாலிப் பொட்டைச் சூதாட்டத்தில் வைத்தமாதிரி பார்ப்பார்கள். இவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நல்ல கம்பெனிப் பங்குகள் அன்றைய தேதியில் கடன்பத்திரத்தைவிட அதிக வருமானம் தருகின்றன, அந்த வருமானம் காலப்போக்கில் ஏறவும் செய்யும், கடன்பத்திர வட்டியோ போட்ட இடத்திலேயே கிடக்கும், விலைவாசி அதைத் தின்றுவிடும். அப்படியென்றால் எதற்காகப் பாதிப் பாதி? கிட்டத்தட்ட முழு நிதியையும் பங்குகளுக்கு மாற்றினார். ஆலோசனை சொல்ல வந்த ஆக்சுவரியோடு மல்லுக்கட்டினார். 1956ல் ஓய்வூதிய நிதிகளின் சங்கக் கூட்டத்தில் இதையே மேடையேறிச் சொன்னார். மூன்று வருடத்தில், 1959ல், அதுவரை இருந்த கணக்கு புரண்டது. பங்குகளின் விலை அவ்வளவு ஏறி, அவற்றின் வருமான விகிதம் கடன்பத்திரத்தைவிடக் கீழே போய்விட்டது. முன்னாடியே வாங்கிவைத்தவர் காட்டில் மழை. அதற்கப்புறம் பிரிட்டன் பென்ஷன் நிதிகள் வரிசையாக அவர் பின்னால் போயின. (2001ல் பூட்ஸ் மருந்துக்கடைக்காரர்கள் தங்கள் நிதி முழுவதையும் கடன்பத்திரத்துக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். அதையும் ஒரு கூட்டம் பைத்தியக்காரத்தனம் என்றது.)

இந்தக் கதை பாடப்புத்தகத்தில் ‘பங்குகளின் மேல் நாட்டம் வந்தது’ என்று ஒரு வரியாக இருக்கும். ஒரு மனிதன் யாரோடு சண்டை போட்டான், எதிராளி என்ன பதில் சொன்னான், எந்த வருடம் எவ்வளவு மாற்றினான் என்பதெல்லாம் அந்தக் காகிதங்களில்தான். அவற்றை வைத்து இன்றைக்கு ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன.

சரி, இது அறிவாளிகளின் பொழுதுபோக்கு, பென்ஷன் வாங்குகிறவருக்கு என்ன என்பீர்கள். பென்ஷன் என்பது என்ன சரக்கு? இருபத்தைந்து வயதுக்காரனிடம் ‘உனக்கு எண்பது வயதாகும்போது தருகிறேன்’ என்று சொல்கிற வாக்கு. சொன்னவர் அதற்குள் செத்திருப்பார், கம்பெனி கைமாறியிருக்கும். காகிதம்தான் மிச்சம். ராபர்ட் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகை முதலாளி 1991 நவம்பரில் தன் படகிலிருந்து கடலில் விழுந்து செத்த பிறகுதான், மிரர் குழுமத் தொழிலாளர்களின் பென்ஷன் நிதியிலிருந்து நாற்பது கோடி பவுண்டுக்கு மேல் காணவில்லை என்று ஊருக்குத் தெரிந்தது. அதில் வந்த கூச்சலில்தான் 1995ன் ஓய்வூதியச் சட்டம். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். வர்ஜின் மீடியா என்ற கேபிள் டிவி கம்பெனியின் பென்ஷன் திட்டத்தில் 1999ல் ஒரு விதியைத் திருத்தினார்கள். அந்த மாதிரித் திருத்தத்துக்கு ஆக்சுவரி எழுத்தில் உறுதி தரவேண்டும் என்று சட்டம் சொன்னது. அப்படி ஒரு கடிதம் வாங்கப்படவில்லை என்ற அடிப்படையில் வழக்கு நடந்தது. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம், திருத்தமே செல்லாது என்றது. அடுத்த வருடம் ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. அவ்வளவுதான், 1997க்கும் 2016க்கும் நடுவில் இதே சட்டத்தின் கீழ் விதி திருத்தியிருந்த திட்டங்களின் வக்கீல்களெல்லாம் கிடங்குக்கு ஓடினார்கள். ஒரு பக்கக் கடிதம். அது இருந்தால் திருத்தம் செல்லும், இல்லையென்றால் இருபது வருடக் கணக்கைத் திரும்பப் போடவேண்டும். கடைசியில் சட்டம் கொண்டுவந்து சரிசெய்கிறேன் என்று அரசாங்கமே சொல்லவேண்டியதாயிற்று. இந்தக் கடிதங்களை அந்த அறக்கட்டளை வைத்திருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை, அது அவர்கள் வேலையே இல்லை. ஆனால் எந்தக் காகிதம் எப்போது கழுத்தைப் பிடிக்கும் என்று தெரிந்த ஜாதி மனிதர்கள் அவர்கள்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. நம் சென்னைக் கோட்டையில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராபர்ட் கிளைவுக்கு, வங்காளத்து நவாப் மீர் ஜாஃபர் சாகும்போது ஐந்து லட்சம் ரூபாய் எழுதிவைத்தார். கிளைவ் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்து, ஊனமான சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் பென்ஷன் தர ஒரு நிதி ஆக்கினார், 1770ல் பத்திரம். அதில் ஒரு ஷரத்து: கம்பெனி படை வைத்திருப்பதை நிறுத்திவிட்டால் பணம் என் வாரிசுக்கு. 1858ல் கம்பெனி ஆட்சி போனது. வாரிசுகள் தொண்ணூறு வருடப் பழைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1863ல், அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. காகிதம் எப்போதும் ஏழைக்குத்தான் உதவும் என்று நான் ஏமாற்றமாட்டேன்.

இப்போது உங்களுடைய கிழவிகளுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னைக் குத்தியது அதுதான். 1908ல் பிரிட்டனில் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது, 1909 ஜனவரி 1 முதல் தபாலாபீசில் பணம். எழுபது வயது ஆகியிருக்கவேண்டும், வருமானம் குறைவாக இருக்கவேண்டும், அதிகபட்சம் வாரம் ஐந்து ஷில்லிங். வாங்கியவர்களில் பெண்களே அதிகம். அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்த அயர்லாந்தில் ஒரு சிக்கல். அங்கே எல்லோருடைய பிறப்பையும் பதிவுசெய்யத் தொடங்கியதே 1864ல். எழுபது வயது என்று எதைக் காட்டி நிரூபிப்பது? 1839 ஜனவரி 6 இரவு அயர்லாந்தைப் புரட்டிப்போட்ட ஒரு புயல் உண்டு, பெருங்காற்று இரவு என்பார்கள். அது ஞாபகம் இருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்டார்கள். தனுஷ்கோடி புயலுக்கு நான் கைக்குழந்தை என்று நம் பாட்டிகள் சொல்வதில்லையா, அதே கணக்கு. சேதி பரவியதும் ஊரில் எல்லோருக்கும் அந்தக் காற்று ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி என் கையாலேயே உருளைக்கிழங்கு எடுத்துச் சாப்பிட்டேன் என்று ஒருவர் சாட்சி சொன்னதாக ஒரு கேலிக்கதைகூட உண்டு.

இன்னொரு வழி, 1841, 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் தேடுவது. விண்ணப்பதாரர் தன் அப்பா அம்மா பெயர், சிற்றூர், வட்டாரம், மாவட்டம் எழுதி ஒரு படிவம் கொடுக்கவேண்டும். டப்ளினில் ஒரு குமாஸ்தா அந்த வீட்டுத் தாளைத் தேடி எடுத்து, அதில் இந்தக் குழந்தைக்கு அன்றைக்கு என்ன வயது என்று பார்த்து, படிவத்தின் ஓரத்தில் குறித்து அனுப்புவார். கிடைக்காவிட்டால் ‘இல்லை’. அலுத்துச் சலித்துச் செய்திருப்பார், உங்களைப்போல.

1922 ஜூன் 30. உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் நீதிமன்ற வளாகம் வெடித்து, பக்கத்திலிருந்த பொது ஆவணக்காப்பகம் எரிந்தது. கணக்கெடுப்புத் தாள்கள் கிட்டத்தட்ட எல்லாம் சாம்பல். 1840களில் அயர்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சத்துக்கு முன்னால் அந்தக் குடும்பங்கள் யார், எத்தனை பிள்ளைகள் என்பதற்கு இருந்த ஆதாரம் போயிற்று. மிஞ்சியது என்ன தெரியுமா? அந்தப் பென்ஷன் படிவங்கள். வாரம் ஐந்து ஷில்லிங்குக்காகக் கிழவிகள் கொடுத்த தாள்களும், ஓரத்தில் குமாஸ்தா கிறுக்கிய குறிப்புகளும். இன்றைக்கு அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் அவற்றை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. உலகெங்கும் உள்ள ஐரிஷ்காரர்கள் தங்கள் கொள்ளுப்பாட்டியின் அப்பா பெயரை அதில் தேடுகிறார்கள்.

இதனால்தான் லண்டன் அறக்கட்டளைமேல் எனக்கும் ஒரு குறை உண்டு. அவர்களுடைய பெட்டிகளில் சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், மாநாட்டு உரைகள், நிபுணர்களின் கடிதங்கள் இருக்கின்றன. கொடுத்தவர்களின் குரல். வாங்கியவர்களின் குரல் அவ்வளவாக இல்லை. அவர்களைக் குற்றம் சொல்லமுடியாது, தங்களுக்குத் தெரிந்த ஆட்களிடம்தானே போய்க் கேட்பார்கள். அதை எடுத்துவைக்க வேறு யாராவது வரவேண்டும், அந்த யாராவது கணக்குப் பிரிவில் முப்பத்துமூன்று வருடம் இருந்தவராக இருந்தாலும் எனக்குச் சம்மதமே.

எஸ்.ஆர். தொலைந்த வாட்ச்மேன் கதையை ‘வேறு கதை’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். இரண்டு வருடம் எங்கெங்கே அலைந்தீர்கள், பிறந்த தேதிக்கு என்ன ஆதாரம் காட்டினீர்கள், கடைசியில் கிடைத்ததா? ஆளின் பெயர், ஆபீஸ் பெயர் வேண்டாம். மற்றதை எழுதி அனுப்புங்கள், எவ்வளவு நீளமானாலும் போடுகிறேன்.