பராமரிப்புக்குப் பின் முதல் பறப்பு: கேள்வி பதில்

கே: சார், பத்தாயிரம் மணி நேரம் பறந்த கேப்டனுக்குச் சோதனைப் பறப்புக்கென்று தனிப் பயிற்சி எதற்கு?

ப: அந்தப் பத்தாயிரம் மணியும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிப் பறந்தவை. ஹேங்கரிலிருந்து, அதாவது பராமரிப்புக் கொட்டகையிலிருந்து, வந்த விமானத்தில் அந்த நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

2008 நவம்பர் 27, பிரான்சில் பெர்ப்பினான். குத்தகை முடிந்து உரிமையாளரிடம் திரும்பவிருந்த ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானம், அதற்கான சோதனைப் பறப்பு. பெயின்ட் அடிப்பதற்கு முன் கழுவியபோது தாக்குகோண சென்சார்களுக்குள் (காற்று இறக்கையில் எந்தக் கோணத்தில் மோதுகிறது என்று அளப்பவை) தண்ணீர் புகுந்து, மேலே போனதும் உறைந்துவிட்டது. மூன்றில் இரண்டு ஒரே அளவில் சிக்கிக்கொள்ள, கணினி பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்து, ஒழுங்காக வேலை செய்த மூன்றாவதை ஒதுக்கியது. 14,000 அடியில் செய்ய வேண்டிய குறைவேகச் சோதனையை, தரையிறங்கப் போகும் வழியில் சுமார் 3,000 அடியில் செய்தார்கள். வேகம் குறைந்தால் கணினி காக்கும் என்று காத்திருந்த பாதுகாப்பு வரவே இல்லை, விமானம் ஸ்டால் ஆனது, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்தது. மூக்கின் சாய்வை நிலைநிறுத்தும் டிரிம், மூக்கை உயர்த்தும் பக்கம் முழுதாகப் போயிருந்தது. டிரிம்மைக் கையால் திருப்பு என்று திரை சொல்லியும் டிரிம் சக்கரத்தை யாரும் தொடவில்லை. ஏழு பேரும் இறந்தனர்.

கே: சிமுலேட்டர் பயிற்சி போதாதா?

ப: போதாது. 1996 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு டிசி-8 சரக்கு விமானம் இப்படியொரு பறப்பில் ஸ்டாலிலிருந்து மீளாமல் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். அந்த ரகத்தின் நிஜமான ஸ்டால் குணத்தை அவர்களது சிமுலேட்டர் காட்டவில்லை.

கே: நல்ல சிமுலேட்டராக இருந்தால்?

ப: மேலே பாருங்கள்.

கே: தப்பு மெக்கானிக்குடையது. விமானியை ஏன் குறை சொல்கிறீர்கள்?

ப: நான் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. 2009 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு போயிங் 737. எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) பேலன்ஸ் டேப்பை, அதாவது அதன் விளிம்பில் உள்ள சிறு துணைப் பலகையை, தப்பான திசையில் திருத்தியிருந்தார்கள். தகவல் வாய்மொழியாகக் கைமாறியதுதான் வினை. சோதனைக்காக ஹைட்ராலிக்கை (எலிவேட்டரை நகர்த்த உதவும் திரவ அழுத்த அமைப்பு) அணைத்ததும் விமானம் மூக்குக் குத்திப் பாய்ந்தது. 15,000 அடியில் தொடங்கியதால் 5,600 அடியில் மீட்டார்கள். இதையே 3,000 அடியில் செய்திருந்தால்? உயரம், உயரம் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கே: அப்படியானால் தினசரிச் சேவையில் பறக்கும் லைன் பைலட்டுகள் எல்லாம் லாயக்கில்லாதவர்களா? நானும் ஒருவன்தான்.

ப: கோபப்படாதீர்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் முறை ஹேங்கரில் கார்டை, அதாவது சோதனைப் பட்டியலை, நீட்டி, "வழக்கமானதுதான் கேப்டன், ஒரு கையெழுத்து" என்றார்கள். எதைக் கழற்றினார்கள், எதை மாட்டினார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. போட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, அது என் திறமையும் இல்லை.

கே: திறமையான பைலட் எதையும் சமாளிப்பார். அதைச் சொல்லுங்கள்.

ப: பெர்ப்பினான் விமானிகளும் அனுபவசாலிகள்தான். சோதனைகளை இடம் மாற்றிச் செய்தார்கள். கார்டில் உள்ளதைக் கார்டில் உள்ள உயரத்தில் செய்ய முடியாவிட்டால் விட்டுவிட்டு இறங்குங்கள்.

கே: விதி என்ன சொல்கிறது?

ப: ஐரோப்பாவில் 2019 விதிப்படி 'ஏ' நிலைச் சோதனைப் பறப்புக்கு (அசாதாரண, அவசரகால நடைமுறைகளைப் பயன்படுத்த வேண்டிவரும் வகை) தனிப் பயிற்சி கட்டாயம். இந்தப் பயிற்சியில் விமானத்தை ஓட்டுவது மட்டுமல்ல, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் அடக்கம். உங்கள் நாட்டு விதியை உங்கள் ஆணையத்திடமே கேளுங்கள்.

கே: சிமுலேட்டரில் ஸ்டால் பழகினால்…

ப: மூன்றாவது முறை. மேலே பாருங்கள்.

கே: சும்மா ஒரு ரவுண்டுக்கு நண்பரை ஏற்றிக்கொள்ளலாமா?

ப: கூடாது.