வருடாந்தர மழை மாறவில்லை, மண் மட்டும் ஏன் இவ்வளவு போகிறது?

“எங்கள் பகுதியின் 20 வருட மழைக் கணக்கைப் பார்த்தேன், வருட மொத்தத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் சரிவு நிலங்களில் மேல்மண் குறைந்துகொண்டே வருகிறது, குளத்தில் வண்டல் ஏறுகிறது. மழைதான் காரணமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மழைதான், ஆனால் நீங்கள் பார்த்த கணக்கில் அது தெரியாது. எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைவிட எவ்வளவு நேரத்துக்குள் கொட்டியது என்பதுதான் மண்ணுக்கு முக்கியம். தூறலின் சின்னத் துளி மெதுவாக இறங்கும், அடைமழையின் 5 மில்லிமீட்டர் துளியோ நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து அறையும், வெறும் மண்ணாக இருந்தால் கட்டி உடைந்து பொடியாகி, அந்தப் பொடி துவாரங்களை அடைத்து மேலே ஏடு மாதிரி படிந்துவிடும், அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும்.

இதை அளக்க அமெரிக்காவில் விஷ்மயர், ஸ்மித் என்ற மண் அரிப்பு ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள்: ஒரு மழையின் துளிகள் மண்ணில் மோதும் மொத்த ஆற்றலை, அதில் மிகக் கடுமையாகப் பெய்த 30 நிமிடத்தின் மழை வீதத்தால் (மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதால்) பெருக்குவது. 60 மில்லிமீட்டர் மழை 2 நாள் சீராகப் பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் கொட்டினாலும் மழைமானியில் அதே 60தான். ஆனால் இந்தக் கணக்குப்படி இரண்டாவதன் அரிப்புத் திறன் சுமார் 100 மடங்கு. வருடம் முழுக்கப் போகும் மண்ணில் பெரும்பங்கை நாலைந்து மழையே கொண்டுபோவது இதனால்தான்.

ஆகவே வருட மொத்தத்தை விட்டுவிட்டு, தானியங்கி மழைமானியின் 15 அல்லது 30 நிமிடப் பதிவுகளைத் தேடுங்கள். ஓரிரு வருடம் போதாது, விஷ்மயரும் ஸ்மித்துமே 20 வருடத்துக்கு மேற்பட்ட சராசரியைத்தான் எடுத்தார்கள். கடும் மழைகள் எந்த மாதத்தில் விழுகின்றன, அப்போது நிலத்தில் பயிர் நிற்கிறதா, உழுது வெறுமனே கிடக்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் பதில் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும். பரவலான பகுதி என்றால் ஒரே மழைமானியை நம்பாதீர்கள், இடி மழை ஒரு பக்கம் கொட்டிவிட்டு அடுத்த பக்கம் காயவிட்டுப் போகும்.

பதிவு கிடைக்காவிட்டாலும் நிலமே சொல்லும். பலத்த மழை ஓய்ந்ததும் குனிந்து பாருங்கள், கூழாங்கற்கள் சின்னச் சின்ன மண்தூண்களின் தலையில் உட்கார்ந்திருந்தால், சுற்றியிருந்த மண் அந்தத் தூணின் உயரத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள், ஒரு ஹெக்டேருக்கு அது 10 கன மீட்டர், ஏறத்தாழ 13 டன்!

குளத்து வண்டலை வைத்து மட்டும் இந்த வருட அரிப்பை எடை போடவும் வேண்டாம். சரிவிலிருந்து கிளம்பும் மண் பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் வருடக்கணக்காகத் தங்கி, பெருமழையில் மறுபடி கிளம்பும். இன்று குளத்தில் படிவது முன்னெப்போதோ மேலே அரிக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

சரி, உடனே செய்யக்கூடியது ஒன்று: கடும் மழை மாதங்களில் மண்ணை வெறுமையாக விடாதீர்கள். அறுவடைத் தாளை எரிக்காமல் அப்படியே பரப்பிவிட்டால் துளி முதலில் அதன்மேல்தான் விழும்.