45 வயசுல வேலைய விட்டுட்டு எழுதிக்கலாம்னு பொண்ணுகிட்ட சொல்லாதீங்கம்மா

உங்க மெசேஜ் முழுசா படிச்சேம்மா. பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா, கணக்குல நல்ல மார்க், நோட்டு நோட்டா கதை எழுதுறா, அதுவும் அரசாங்கமே எல்லாருக்கும் நம்பர் குடுத்து யாரு எவ்ளோ சாப்பிடணும், யாரு யார கட்டிக்கணும்னு முடிவு பண்ற டிஸ்டோப்பியன் கதைங்க, அத படிச்சிட்டு பிள்ளைக்கு மனசு சரியில்லையோன்னு பயந்து போயிருக்கீங்க. அதுக்கு பயப்படாதீங்க, சுத்தி நடக்கறத உத்துப் பாக்கற பிள்ளைங்க இப்படித்தான் எழுதுவாங்க. என்னைய கவலைப்பட வெச்சது உங்க அண்ணன் போட்ட பிளான்தான்.

மேனேஜ்மென்ட் கோட்டால சிஎஸ்இ, நாலு வருஷத்துக்கு 12 லட்சம், வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வெச்சிடலாம், 45 வரைக்கும் ஐடில சம்பாதிச்சிட்டு அப்புறம் வேலைய விட்டுட்டு எழுதட்டும், இங்கிலீஷ் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் கூட போலீஸ் வேலைய விட்டுட்டுத்தான எழுதுனாருன்னு சொல்றாரு. சரி, அந்த மனுஷன் கதையவே பாப்போம். 1903ல பீகார் மோதிஹாரில பொறந்தவரு, காலேஜுக்கே போகல, 1922ல பர்மா போலீஸ்ல சேந்தாரு, 1927ல ராஜினாமா பண்ணும்போது அவருக்கு 24 வயசு. பென்ஷனும் இல்ல, சேமிப்புன்னு சொல்லிக்கற மாதிரியும் பெருசா இல்ல. பாரிஸ்ல ஹோட்டல்ல பாத்திரம் கழுவுனாரு, சின்ன பிரைவேட் ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தாரு, முதல் புக் வர 1933 ஆயிடுச்சு, அதுக்கப்புறமும் லண்டன்ல பழைய புக் விக்கிற கடைல நின்னாரு. 1941லேருந்து 43 வரைக்கும் பிபிசில இந்தியாவுக்கான நிகழ்ச்சி பண்ணாரு, போர் நேரம், எழுதுற ஒவ்வொரு ஸ்கிரிப்டும் சென்சார் கைக்கு போயிட்டுத்தான் ஏர்ல போகும், அரசாங்கம் செய்திய எப்படி வடிகட்டுதுன்னு உள்ள இருந்தே பாத்தாரு. அரசாங்கம் எல்லாரையும் கண்காணிக்கிற கதையா அவரு எழுதுன '1984'ங்கற நாவல் 1949 ஜூன்ல வந்துச்சு, அப்போ அவருக்கு 45, அடுத்த ஜனவரியில டிபி நோய்ல போயிட்டாரு. உங்க அண்ணன் ஆரம்பிக்க சொல்ற வயசுல அவரு கடைசி நாவலையே முடிச்சிட்டாரும்மா!

அவர மாதிரி இவளும் பட்டினி கிடக்கட்டும்னு நான் சொல்ல வரல, அது யாருக்கும் வேணாம். ஆனா எதப் பத்தி எழுதணுமோ அது நடக்கற இடத்துலயே அவரு வேலை பாத்தாரு, அத கவனிங்க. பிஏ, லா, சிஏ இதெல்லாம் ஏற்கனவே ஆளாளுக்கு சொல்லிருப்பாங்க, அத விடுங்க. யாரும் வாயத் திறக்காத ஒண்ணு இருக்கு, பி.எஸ்ஸி ஸ்டாட்டிஸ்டிக்ஸ், நம்ம புள்ளியியல்.

உங்க பொண்ணு கதைல வர அரசாங்கம் என்ன பண்ணுது, மனுஷங்கள எண்ணுது. அந்த எண்ணிக்கைய எப்படி எடுக்கறாங்கன்னுதான் இந்தப் படிப்புல சொல்லித் தருவாங்க. சில ஆயிரம் வீட்ட மட்டும் பாத்துட்டு மொத்த மாநிலத்தப் பத்தி எவ்ளோ தூரம் நம்பி சொல்லலாம், கேள்விய லேசா மாத்தினா பதில் எப்படி மாறுது, கணக்குலயே வராம விட்டுப்போறவங்க யாரு, இதெல்லாம் சாம்பிளிங் பேப்பர்ல வரும். அதோட நிகழ்தகவு, ஒண்ணு மாறினா இன்னொண்ணு எவ்ளோ மாறும்னு பாக்கற ரெக்ரஷன், காலப்போக்குல எண்ணிக்கை எப்படி மாறுதுன்னு பாக்கற டைம் சீரிஸ், மக்கள்தொகை புள்ளியியல், கம்ப்யூட்டர்ல 'ஆர்'ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர் பிராக்டிகல். புள்ளியியல் மேதை மஹலநோபிஸ் 1931ல கல்கத்தால ஐஎஸ்ஐங்கற இந்தியப் புள்ளியியல் நிறுவனத்த ஆரம்பிச்சாரு, 1950ல தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்குச்சு, அதுல ஆளுங்க வீடு வீடா போய் இந்த மாசம் அரிசிக்கு எவ்ளோ செலவாச்சுன்னு கேப்பாங்க, ஒரு நாவல் எழுதறவளுக்கு இதவிட நல்ல இடம் எனக்கு தெரியல, மனசார சொல்றேன்.

வேலை? டிகிரில புள்ளியியல் இருந்தா 21 வயசுலேருந்து 30க்குள்ள யுபிஎஸ்சி நடத்துற இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் சர்வீஸ் எழுதலாம், குரூப் ஏ வேலை, எழுத்துத் தேர்வு 1000 மார்க், இன்டர்வியூ 200. டிகிரி முடிச்சவங்களுக்கு மத்திய அரசு வேலைக்கு நடக்கற எஸ்எஸ்சி சிஜிஎல் பரீட்சைல ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிக்கல் ஆபீசர் இருக்கு, டிஎன்பிஎஸ்சிலயும் புள்ளியியல் பணியிடம் வரும். எம்.எஸ்ஸி வரைக்கும் போனா இன்சூரன்ஸ், பேங்க், மருந்து சோதனை டேட்டா பாக்கற கம்பெனிங்க எல்லாம் எடுப்பாங்க. ஈஸியான படிப்புன்னு நெனைக்காதீங்க, ரெண்டாவது வருஷம் கணக்கு நல்லாவே இறுக்கும்.

செலவு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். சென்னை மாநிலக் கல்லூரில இந்தப் பாடம் இருக்கு, அரசு காலேஜ்ல வருஷ பீஸ் சில ஆயிரத்துலயே முடிஞ்சிடும். பொண்ணு ஆறாவதுலேருந்து அரசுப் பள்ளின்னு எழுதியிருக்கீங்க, புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுண்ட்டுக்கே வரும். அந்தப் பக்கம் பாத்தா கல்விக்கடன் 7.5 லட்சத்த தாண்டுனாலே பேங்க்ல பொதுவா சொத்து ஜாமீன் கேப்பாங்க, அவளுக்கே பிடிக்காத படிப்புக்கு இருக்கிற ஒரே வீட்ட அடமானம் வெக்காதீங்க. அந்தக் கடன் தலைல இருந்தா 45 இல்ல, 50லயும் அவளால வேலைய விட முடியாது.

கணக்கு அவளுக்கு நெசமாவே பிடிக்குதா, இல்ல மார்க்குக்காக போட்டாளான்னு அவகிட்ட நேரா கேளுங்க. பிடிக்கலன்னா நான் இவ்ளோ சொன்னதையும் தூக்கிப் போட்டுட்டு எனக்கு எழுதுங்க, வேற பாக்கலாம். பிடிக்கும்னா தமிழ்நாடு அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான ஆன்லைன் அப்ளிகேஷன் தேதி முடியறதுக்குள்ள போட்டுடுங்க, அந்த பிரைவேட் காலேஜுக்கு அட்வான்ஸ் ஒரு ரூபா கூட கட்டாதீங்க, உங்க அண்ணன்கிட்ட நீங்களே பேசுங்க, பொண்ண முன்னாடி நிக்க வெச்சு பேச வைக்காதீங்க.