சீனம் படிக்க வண்ணார்பேட்டையில் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: என் மகள் பாளையங்கோட்டையில் எம்.ஏ. வரலாறு முடித்து 61 சதவீதம் வாங்கியிருக்கிறாள். பாண்டியர் காலத்தில் நம் கடற்கரைக்கும் சீனாவுக்கும் நடந்த வணிகத்தைப் பற்றி பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறாள். பழையகாயலில் என் மச்சான் கிணறு தோண்டியபோது கிடைத்த பச்சை நிறப் பீங்கான் துண்டுகளைப் பார்த்ததிலிருந்து இந்தப் பித்து. வண்ணார்பேட்டையில் ஒரு நிறுவனத்தார், ‘ஆறு மாதத்தில் சீன மொழிச் சான்றிதழ், பிறகு சீன அரசின் உதவித்தொகையோடு சீட் நிச்சயம், மொத்தம் 85,000 ரூபாய்’ என்கிறார்கள். 10,000 முன்பணமும் அசல் மதிப்பெண் பட்டியலும் கொடுத்துவிட்டோம். மீதியைக் கட்டலாமா? பெரிய பல்கலைக்கழகங்களில் சீன ஆய்வு மையங்கள் இருக்கின்றனவாமே, எங்களைப் போன்றவர்கள் அங்கே நேராகப் போக முடியுமா? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: கட்டாதீர்கள், அண்ணாச்சி. அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இந்த வாரமே மகளையும் கூட்டிக்கொண்டு போய் அசல் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கிவிடுங்கள். அன்றைக்கு முன்பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். பணம் கேட்டால் பட்டியல் வராது. ‘நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும்’ என்று சொல்லுங்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் உரிய தகுதித் தேர்வு அது. சொல்வது பொய்யும் அல்ல, கீழே பார்ப்பீர்கள்.

அசலைப் பிடித்து வைத்துக்கொள்வது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். என்னிடம் படித்த சங்கரன்கோவில் பையன் ஒருவன் இப்படித்தான் ஓர் அலுவலகத்தில் அசலைக் கொடுத்துவிட்டு, டெல்லியில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது நகலோடு போய் நின்றான். ஒரு வருடம் போயிற்று. இந்தியாவிலோ சீனாவிலோ எந்தப் பல்கலைக்கழகமும் விண்ணப்பிக்கும் கட்டத்தில் அசலைத் தரகரிடம் ஒப்படைக்கச் சொல்வதில்லை.

இனி அந்த 85,000 ரூபாய்க்கு அவர்கள் விற்கும் சரக்கைப் பார்ப்போம்.

முதல் சரக்கு, ‘சீனப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம்’. உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனாலும் சொல்லியிருப்பார்கள், அந்த அலுவலகங்களின் சுவரில் அது சட்டம் போட்டுத் தொங்கும். 2019 அக்டோபரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு ஓர் உத்தரவு போட்டது. சீன நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்ய நினைக்கும் இந்தியப் பல்கலைக்கழகம் உள்துறை, வெளியுறவுத் துறை இரண்டின் அனுமதியையும் முன்னதாக வாங்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கே இந்தப் பாடு. மாடியில் இரண்டு அறை எடுத்து நடத்துகிறவர் அதை எப்படி வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, சான்றிதழ். எச்எஸ்கே என்பது சீனத் தரப்பு நடத்தும் மொழித் தேர்வு. பல ஆண்டுகளாக நடந்துவந்த ஆறு நிலைக் கணக்கில் முதல் நிலைக்கு 150 சொற்கள், இரண்டாம் நிலைக்கு 300. ஆறு மாதத்தில் இவர்கள் கொண்டுவிடும் இடம் அவ்வளவுதான். 300 சொல்லை வைத்துக்கொண்டு சந்தையில் ஆப்பிள் வாங்கலாம். சீன மொழியிலேயே பாடம் நடக்கும் படிப்புகளுக்குப் பெரும்பாலும் நான்காம் நிலையாவது கேட்பார்கள், அதற்கு 1,200 சொற்கள். ‘சான்றிதழ்’ என்கிறார்களே தவிர எந்த நிலை என்று சொல்கிறார்களா? சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, ‘சீட் நிச்சயம்’. சீன அரசின் உதவித்தொகைக்கு நம் மத்திய கல்வி அமைச்சகம் வழியாகவும், சீனப் பல்கலைக்கழகங்கள் வழியாகவும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இணையப் படிவத்தில் ‘முகமை எண்’ என்று ஒரு கட்டம் வரும். அது எந்தத் தூதரகம் அல்லது எந்தப் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பம் போகிறது என்பதைக் காட்டும் எண். அவர்களே வெளியிடுவார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் தரகர்கள் தங்களுக்கென்று கிடைத்த ரகசிய எண் போலக் காட்டிக் காசு பார்க்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கட்டணம் கொஞ்சம் வாங்கும். அதையும் நேராக அவர்களுக்கே கட்டலாம். தேர்வு செய்கிறவர் பெய்ஜிங்கிலோ டெல்லியிலோ இருக்கிறார். வண்ணார்பேட்டையில் இருப்பவருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

முன்பணத்துக்கு ரசீது வைத்திருந்தால், அசல் கைக்கு வந்தபிறகு எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ரசீது இல்லையென்றால் அந்தப் பத்தாயிரத்தை மறந்துவிடலாம்.

தரகர் பேச்சிலேயே பாதிப் பதில் போய்விட்டது. மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

சீன மொழி தெரிய வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இன்றைய சீனாவை ஆராய்கிறவருக்கு அது சரி. உங்கள் மகளின் பொருளுக்கு அது பாதிகூடச் சரியில்லை. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் மூன்று வருடத்தைத் தொலைக்கிறார்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம்தானே உங்களுக்கு. அங்கே வரகுண பாண்டியனின் கல்வெட்டு வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் இருக்கிறது. தமிழில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையை அதன் முன்னால் நிறுத்துங்கள், ஓர் எழுத்தும் ஓடாது. எழுத்தைச் சொல்லிக்கொடுத்தாலும் நடை பிடிபடாது. சீனத்திலும் அதே கதைதான். மாபர் என்று அராபியர் அழைத்த பாண்டிய நாட்டுக்கு, சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் தூதர்களை அனுப்பிய செய்தி, 1370இல் தொகுத்த யுவான் வம்ச வரலாற்றின் 210ஆம் பகுதியில் வருகிறது. அது இருப்பது பழஞ்சீனத்தில். இன்று பெய்ஜிங் தெருவில் பேசும் மொழி வேறு. எழுத்தும் வேறு. சீன அரசு 1956இல் எழுத்துக்களை எளிமையாக்கியது, எச்எஸ்கே வகுப்பில் கற்பிப்பது அந்த எளிய எழுத்து. பழைய நூல்களும் கல்வெட்டுகளும் அதற்கு முந்தைய முழு எழுத்தில் இருக்கின்றன. தைவானில் இன்றும் முழு எழுத்துதான் வழக்கம். அதனால் அந்நாட்டு அரசு தரும் மொழி உதவித்தொகையை உங்கள் மகள் தேடிப் பார்ப்பது நல்லது. சென்னையில் 2012 முதல் அவர்களுடைய அலுவலகம் இருக்கிறது. இன்றைய சீனம் ஓரளவு தெரியாமல் பழஞ்சீனத்துக்குப் போக முடியாது என்பது உண்மையே. ஆனால் முன்னதற்குச் சான்றிதழ் வாங்கியதும் பின்னது வந்துவிடும் என்று நினைப்பவர்கள், டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டுத் தாமிரபரணியில் தோணி ஓட்டக் கிளம்புகிறவர்கள்.

இதற்குத்தான் மையங்கள். சாந்திநிகேதனில் சீன பவனம் 1937இல் திறந்தது. தாகூரின் அழைப்பில் வந்த தான் யுன்-ஷான் கட்டி எழுப்பியது, பழைய சீன நூல்கள் நிறைந்த நூலகம் அங்கே உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய ஆய்வுத் துறை, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீன, தென்கிழக்காசிய ஆய்வு மையம். சென்னை ஐஐடியிலும் சீன ஆய்வு மையம் இருக்கிறது, ஆனால் அங்கே பேச்செல்லாம் பெரும்பாலும் இன்றைய சீனாவைப் பற்றியது. டெல்லியில் சீன ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகப் புதன்கிழமைதோறும் கருத்தரங்கு நடத்துகிறது, பதிவுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பொதுக் கூட்டங்கள் நடத்துவதும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வழிகாட்டுவதும் இத்தகைய மையங்களின் வேலையில் சேர்ந்தவை. நீங்கள் போய்க் கேட்பது சலுகை கேட்பதாகாது. நான் முதன்முதலில் அப்படியொரு நூலகத்துக்கு மஞ்சள் பையோடு போனபோது, துறைத்தலைவரின் கடிதம் ஒன்றை மட்டும்தான் கேட்டார்கள்.

மகள் டெல்லிக்கே குடிபோக வேண்டும் என்றும் இல்லை. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு, வேறு நிறுவனத்தின் அறிஞர் ஒருவரை இணை வழிகாட்டியாக வைத்துக்கொள்ள 2022ஆம் ஆண்டின் பிஎச்.டி. விதிகள் இடம் தருகின்றன. முதுகலையில் 55 சதவீதம் கேட்கிறார்கள், அது அவளிடம் இருக்கிறது. நெட் தேர்வு எழுதட்டும். 2024 முதல் அந்த மதிப்பெண்ணைப் பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் இளநிலை ஆய்வாளர் (ஜே.ஆர்.எஃப்.) தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இதற்கான அறிவிப்புகளைத் தமிழில் தேடாதீர்கள், கிடைக்காது. கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு பக்கம் ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பார்கள், அந்தப் பக்கமும் அன்றைக்குத் திறக்காது. தரகர்கள் பிழைப்பதே இந்தச் சந்தில்தான். சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281இல் தமிழில் கல்வெட்டு வெட்டி, சிவனை எழுந்தருளச் செய்த இனம் நாம். எழுநூறு வருடம் கழித்து நம் வரலாற்றுத் துறைகளில் பழஞ்சீனம் சொல்லித்தரும் வழக்கமே இல்லை. இதைச் சொன்னால் ‘நிதி இல்லை’ என்பார்கள்.

வழிகாட்டிக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சீனாவைப் பற்றி அவர்களுக்கே பாடம் எடுக்க வேண்டாம், தன்னிடம் என்ன இருக்கிறது என்பதை எழுதட்டும். அவளிடம் இருப்பது தமிழ். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கப்பற்படையோடு வந்து இலங்கையின் காலி நகரில் நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு. சீனம் மட்டும் படித்தவருக்கு மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். அதே செங் ஹே காலத்துச் சீனக் குறிப்புகளில் காயலும் வருகிறது. சீனம் தெரிந்த மாணவர்கள் அந்த மையங்களில் நிறைய. தமிழ்க் கல்வெட்டு படிக்கத் தெரிந்து சீனத்தைத் தேடி வருகிறவர் குறைவு என்பதால் கடிதத்துக்குப் பதில் வரும். ஒரு மாதம் வராவிட்டால் இன்னொரு முறை எழுதட்டும், பேராசிரியர்களும் மறதிக்காரர்கள்தான்.

கடைசியாக அந்தப் பீங்கான் துண்டுகள். கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டிலேயே பழையகாயல் மண்ணில் சீனப் பீங்கான் சில்லுகளைப் பார்த்து எழுதியிருக்கிறார், ஆகவே உங்கள் மச்சான் வீட்டில் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. நூறு வருடத்துக்கு மேற்பட்டவை தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வேறு இருக்கிறது. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனுவும், பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நகலும் கொடுத்துவிடுங்கள். மனுவுக்குப் பதில் வர நாளாகும், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பழம்பொருள் வாங்க வருகிறேன் என்று காரில் வரும் ஆட்களுக்குக் காட்டவே வேண்டாம். துண்டுகளைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, தனித்தனித் தாள் பையில் போடுங்கள். எந்த ஆழத்தில், எந்த மண்ணில் கிடைத்தது என்பதை மச்சானிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கிணறு வெட்டிய ஆட்களைக் கேட்டால் அவரைவிடச் சரியாகச் சொல்வார்கள்.